நெல்லைக்குக் காரில் பன்னிரண்டு மணி நேரம்: பிள்ளைகளுக்குப் போனா, ஸ்லேட்டா, விடுகதையா?

தாம்பரத்திலிருந்து திருநெல்வேலி 600 கிலோமீட்டர் இருக்கும். நடுவில் இட்லி, டீ, பாத்ரூம், டோல்கேட் எல்லாம் சேர்த்தால் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிடும். பொங்கல், முழுப்பரீட்சை லீவு, தீபாவளி என்று வருடத்துக்கு மூன்று தடவை இந்த ரோட்டில் போய் வருகிறோம். இவர் ஓட்டுவார், நான் முன்சீட்டில். பின்னால் இந்த ஜன்னலில் ஒன்பது வயதுப் பெரியவன், அந்த ஜன்னலில் ஐந்து வயதுச் சின்னவள், நடுவில் என் மாமியார். நான் அத்தை என்பேன், பிள்ளைகளுக்கு ஆச்சி.

கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி துணி அடுக்கும்போதே வரும் யோசனை ஒன்றுதான், இவ்வளவு நேரமும் இந்த இரண்டையும் எதைக் கொடுத்து உட்கார வைப்பது? போனில் வீடியோவா, கையில் ஏதாவது விளையாட்டுச் சாமானா, ஸ்பீக்கரில் கதையா, சும்மா வாய் விளையாட்டா, அல்லது அடிக்கடி நிறுத்தி இறக்கிவிடுவதா? ஐந்தையும் செய்து பார்த்துவிட்டோம். எது எவ்வளவு நேரம் தாங்குகிறது, எது வயிற்றைப் புரட்டுகிறது, எது ஓட்டுகிறவரின் கவனத்தைக் கெடுக்கிறது, இந்த மூன்றையும் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து. பிள்ளைக்குப் பிடிக்குமா என்று மட்டும் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் போன்தான் ஜெயிக்கும்.

அதனால் போனிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நேரம் தாங்குவதில் அதை அடிக்க ஆளில்லை. இரண்டு மணி நேரம் கொடுத்தால் இரண்டு மணி நேரமும் பின்சீட்டில் சத்தம் இருக்காது. இரண்டு வருடம் முன்பு அப்படித்தான் விழுப்புரம் தாண்டி பொங்கல் சாப்பிட்டுவிட்டு ஏறியதும் ஆளுக்கொரு போனைக் கொடுத்தோம். உளுந்தூர்பேட்டை, வேப்பூர் வரை அவ்வளவு அமைதி, நாங்கள் இருவரும் வீட்டுக்கடன் பற்றியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம். தொழுதூர் பக்கத்தில் சின்னவள் "அம்மா, எச்சியா வருது" என்றாள். நான் திரும்புவதற்குள் சாப்பிட்ட பொங்கல் முழுக்க ஆச்சி சேலையில். எச்சில் ஊறுவதும், முகம் வெளுப்பதும், பேச்சு நின்றுபோவதும் வாந்திக்கு முன்னால் வரும் அறிகுறி என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்னால் அவள் பத்து நிமிடமாகவே பேசவில்லை. படத்தில் ஆழ்ந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், காருக்குள் குனிந்து திரையைப் பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் அசையாமல் இருப்பதுபோலத் தெரிகிறது, உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்புக்கோ வண்டி ஓடுவதும் திரும்புவதும் பிரேக் பிடிப்பதும் தெரிகிறது. இரண்டும் மூளைக்கு வேறு வேறு செய்தி சொல்ல, குமட்டல் வந்துவிடுகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம். புத்தகம் படித்தாலும் இதே கதைதான், திரை மட்டும் குற்றவாளி அல்ல, குனிந்து பார்ப்பதுதான் பிரச்சினை. முன்சீட்டின் பின்பக்கம் கண் உயரத்துக்கு டேப்லெட்டை மாட்டினால் கொஞ்சம் குறையும், ஆனால் முழுசாகப் போகாது.

இன்னொன்று, போனைத் திரும்ப வாங்குகிற அந்த நிமிடம். வீட்டில் அழுதால் அடுத்த அறைக்குப் போய்விடலாம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியில், ஓட்டுகிறவர் காதுக்கு இரண்டடி தள்ளி ஒரு பிள்ளை கத்தினால் அது ஆபத்து. சின்னப் பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கும் இருக்கிறது: இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது. ஒரு பயண நாளில் கொஞ்சம் கூடினால் ஒன்றும் ஆகிவிடாது என்று நானும் நினைக்கிறேன், ஆனால் காலை ஏழு மணிக்கே அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழித்துவிட்டால் மீதி நாளுக்குக் கையில் என்ன இருக்கும்?

கையில் கொடுக்கும் சாமான்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எங்கள் காரில் எதுவும் இருபது நிமிடத்தைத் தாண்டியதில்லை. களிமண் மாதிரி வரும் கிளே வேண்டவே வேண்டாம், சீட் துணியில் ஒட்டினால் போகாது. கிரேயான் மே மாத வெயிலில் நிறுத்தி வைத்த காருக்குள் உருகி ஒழுகிவிடும், கலர் பென்சில் பரவாயில்லை, ஆனால் உருண்டு சீட்டுக்கு அடியில் போய்விட்டால் எடுப்பதற்குப் பிள்ளை பெல்ட்டைக் கழற்றும். இருப்பதிலேயே நல்லது எழுதி பட்டனை அமுக்கினால் அழிகிற எல்சிடி ஸ்லேட்தான். விலை குறைவு, சார்ஜ் வேண்டாம், பேனாவை ஒரு நூலால் ஸ்லேட்டோடு கட்டிவிட்டால் தொலையாது. புள்ளிக்கோலம், பூஜ்யமும் பெருக்கலும் போடுகிற ஆட்டம், ஆச்சியைப் படம் வரைவது என்று போகும். ஆனால் இதுவும் குனிந்து பார்க்கிற வேலைதான், அதனால் வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு நேர்ச்சாலையில் மட்டும், அதுவும் கொஞ்ச நேரம். பல்லாங்குழி எடுத்துக்கொண்டு வரலாம் என்று அத்தைக்கு ஆசை. முதல் பிரேக்கிலேயே புளியங்கொட்டை கார் முழுக்கச் சிதறும் என்பதால் அதை ஊரிலேயே வைத்திருக்கிறோம்.

சரி, வாய் விளையாட்டு. எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இதைப் பற்றித்தான். இதில் கண் வெளியே இருக்கிறது, தலை நிமிர்ந்திருக்கிறது, ஓட்டுகிறவரும் ரோட்டைப் பார்த்தபடியே ஒரு வார்த்தை சேர்ந்து பேசலாம், செலவும் இல்லை. குறை என்னவென்றால் ஒரு பெரியவர் கூடவே உட்கார்ந்து நடத்த வேண்டும். போனைக் கொடுத்துவிட்டு நாம் சாய்ந்துகொள்ளலாம், இதில் அது நடக்காது.

நம்பர் பிளேட் ஆட்டம் பெரியவனுக்கு உயிர். டிஎன் 11 தாம்பரம், 19 செங்கல்பட்டு, 32 விழுப்புரம், 46 பெரம்பலூர், 45 திருச்சி, 58-ம் 59-ம் மதுரை, 67 விருதுநகர், 69 தூத்துக்குடி, 72 திருநெல்வேலி, 74 நாகர்கோவில். முதலில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், இப்போது மனப்பாடம். இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. "அம்மா, ஊர் எப்ப வரும்?" என்ற கேள்விக்கு இந்த ஆட்டமே பதில் சொல்லிவிடுகிறது. திண்டிவனத்தில் 72 அபூர்வமாகத்தான் தட்டுப்படும், கண்டுபிடித்தவனுக்கு ஐந்து மதிப்பெண். சாத்தூர் தாண்டினால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு 72 வரும், அப்போது அவனே "ஆச்சி, நம்ம வண்டியா வருது, ஊர் வந்துட்டு" என்பான்.

அப்புறம் சொல் சங்கிலி. ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். தமிழில் விளையாடும்போது ஒரு சிக்கல் வரும், முதலிலேயே விதியைப் பேசிக்கொள்ளாவிட்டால் சண்டைதான். நம் சொற்கள் பலவும் ல், ள், ழ், ண், ன், ர் என்று முடிகின்றன, தமிழ்ச் சொல்லோ அந்த எழுத்துகளில் தொடங்குவதில்லை. "கடல்" என்று சொல்லிவிட்டால் அடுத்தவர் மாட்டிக்கொள்வார். அதனால் எங்கள் காரில் இரண்டு விதி. மெய்யெழுத்தில் முடிந்தால் அதன் உயிர்மெய்யில் தொடங்கலாம், புழக்கத்தில் உள்ள பிறமொழிச் சொல்லும் செல்லும். அப்படியும் ழ, ள, ண வந்தால் சொன்னவரே வேறு சொல் தர வேண்டும். விதி வந்த நாளில் சின்னவளுக்கு "ல" வந்தது. யோசித்துக்கொண்டே முன்னால் பார்த்தாள், எங்களுக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய வண்டி ஒன்று ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. "லாரி!" என்று அவள் கத்தியதில் இவரே ஒரு நிமிடம் திடுக்கிட்டுவிட்டார். அன்றிலிருந்து எந்த எழுத்து வந்தாலும் முதலில் ஜன்னலுக்கு வெளியேதான் தேடுகிறாள்.

விடுகதை ஆச்சியின் இலாகா. "ஓடும் குதிரை, ஒளியும் குதிரை, தண்ணியக் கண்டா தவிக்கும் குதிரை, அது என்னலே?" என்று பேரனைக் கேட்பார். செருப்பு. "ஆயிரம் தச்சர் கூடி அழகா மண்டபம் கட்டுனாவ, ஒருத்தர் கண்ணு பட்டு ஒடஞ்சு போச்சு, சொல்லுட்டி" என்பார் பேத்தியிடம். தேன்கூடு. ஒவ்வொன்றுக்கும் மூன்று தப்புப் பதில், ஒரு துப்பு, அதன்மேல் ஒரு விவாதம் என்று ஐந்து நிமிடம் போகும், பத்து விடுகதை இருந்தால் பெரம்பலூரே வந்துவிடும். உங்கள் வீட்டில் பெரியவர்கள் கூட வரவில்லை என்றால் கிளம்புவதற்கு முன் அவர்களிடம் கேட்டு பத்துப் பதினைந்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சோர்ந்துவிட்டால் "யாரு தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை", "ஓடுற நரியில ஒரு நரி கிழநரி" என்று வேகமாகச் சொல்கிற போட்டி. அது சிரிப்பிலேயே கால் மணி நேரம் ஓடும்.

இந்த ரோடே தருகிற காட்சிகளும் இருக்கின்றன, அவற்றை ஆட்டமாக்கலாம். சமயபுரம் டோல்கேட் தாண்டியதும் கொள்ளிடம், பிறகு காவிரி என்று அடுத்தடுத்து இரண்டு பாலங்கள். "யாருக்கு முதலில் கோபுரம் தெரிகிறது" என்று சொல்லிவிட்டால் இரண்டு பேரும் வலது பக்கம் கண்ணை நட்டு வைப்பார்கள். அது 1987-ல் கட்டி முடித்த, 236 அடி உயரமுள்ள ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், பதின்மூன்று நிலைகளை எண்ண முடிகிறதா என்று பார்க்கலாம். விராலிமலை பக்கத்தில் மயில். மேலூர் தாண்டி ஒத்தக்கடை வரும்போது யானைமலை. தூரத்தில் வெறும் பாறையாகத் தெரிவது எந்த இடத்தில் படுத்திருக்கும் யானையாக மாறுகிறது என்பதில் எங்கள் வீட்டில் ஒவ்வொரு தடவையும் ஒரு வழக்கு நடக்கும். கயத்தாறில் காற்றாலைகள், அவற்றை எண்ணவே முடியாது, சுற்றாமல் நிற்பவற்றை மட்டும் எண்ணச் சொல்லுங்கள்.

ஸ்பீக்கரில் கதை கேட்பதை நான் முதலில் குறைவாக நினைத்திருந்தேன். ஒன்பது வயதுக்காரன் ஒரு மணி நேரம் கேட்கிறான், ஐந்து வயதுக்கு இருபது நிமிடம்தான். ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு, திருமங்கலத்திலிருந்து விருதுநகர் வரை வெயில் கண்ணைக் கூசும் அந்த நேரத்தில், கண்ணுக்கு வேலையே இல்லாத ஒன்று வேண்டும். மரியாதைராமன், தெனாலிராமன் கதைகள் போட்டுவிட்டால் சின்னவள் இரண்டாவது வழக்கிலேயே தூங்கிவிடுவாள். இருட்டிய பிறகும் இதுதான் நல்லது. ஜன்னலில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, பின்சீட்டில் திரை எரிந்தால் அதன் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு ஓட்டுகிறவருக்குத் தொந்தரவு, கதைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. வேப்பூர், தொழுதூர் பக்கம் சிக்னல் போய்ப் போய் வருவதால் வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்வது முக்கியம். பாதி வழக்கில் கதை நின்றுபோனால் பெரியவனின் கோபத்தைத் தாங்க முடியாது.

அடிக்கடி நிறுத்துவதா என்றால், ஆமாம், ஆனால் எங்கே என்பதில் கவனம் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பதினைந்து நிமிடம் கால் நீட்டி ஓடினால் அடுத்த ஒரு மணி நேரம் கேட்காமலே கிடைக்கிறது, எந்தப் பொம்மையும் தராத பலன் அது. படாளத்தில் திரும்பினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வேடந்தாங்கல், நவம்பரிலிருந்து மார்ச் வரை பறவை நிறைய இருக்கும், ஆனால் நெல்லை போகிற நாளில் அங்கே திரும்புவது சரிவராது. கிளம்பி ஒன்றரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, பிள்ளைகள் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்கள், நமக்குத்தான் இரண்டு மணி நேரம் போய்விடும். அதற்குத் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போகலாம். நிறுத்தம் பிற்பகுதியில்தான் தேவை. எங்களுக்குக் கோவில்பட்டியும் கயத்தாறும். கோவில்பட்டியில் கடலைமிட்டாய், 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே மிட்டாய். கயத்தாறில் கட்டபொம்மன் நினைவிடம். 1799 அக்டோபர் 16 அன்று அவரைத் தூக்கிலிட்டது இந்த ஊரில்தான் என்று சொன்னதும், பெரியவன் அங்கே நின்ற நேரம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை, வண்டியில் ஏறிய பிறகு கேள்வி கேட்டு நிறுத்தவேயில்லை. மிட்டாயை இறங்கித்தான் சாப்பிடக் கொடுப்போம். ஓடுகிற வண்டியில் கடலை மூச்சுக்குழாயில் போய்விட்டால் உடனே நிறுத்தக்கூட இடம் இருக்காது, நாலைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கடலையே வேண்டாம்.

ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்களே, இந்த வம்பே வேண்டாமே என்று எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரை யாருடைய உடம்பும் தூக்கம் கேட்கும், பிள்ளைகள் சத்தமில்லாமல் தூங்குகிற காரில் ஓட்டுகிறவரும் கண்ணசர எவ்வளவு நேரம் ஆகும்? அப்படித் தூங்கிக்கொண்டே போக வேண்டும் என்றால் எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிவிடலாம். காலை நாலரை மணிக்குக் கிளம்புவது எங்களுக்குச் சரியாக இருக்கிறது, முதல் இரண்டு மணி நேரம் பிள்ளைகள் மீதித் தூக்கத்தைத் தூங்கிவிடுவார்கள், ஓட்டுகிறவரும் முந்தின ராத்திரி சீக்கிரம் படுத்திருப்பார்.

ஆக, இப்போது நாங்கள் செய்வது இது. விடிகிறவரை தூக்கம். காலைச் சாப்பாடு முடிந்து ஏறியதும் திரையும் கிடையாது, ஸ்லேட்டும் கிடையாது, நம்பர் பிளேட்டும் விடுகதையும்தான், திருச்சி வரை. பிறகு ஸ்லேட் கொஞ்ச நேரம், யானைமலை வந்ததும் உள்ளே போய்விடும். மதியத்துக்கு மேல் கதை, தூக்கம், பிறகு இரண்டு நிறுத்தம்.

போன் எங்கே என்றால், அதை நெரிசலுக்கென்று வைத்திருக்கிறோம். லீவு முடிந்து திரும்புகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பரனூர் டோல்கேட்டிலிருந்து பெருங்களத்தூர் வரை வண்டி ஊர்ந்து போகும் அனுபவம் இந்த ரோட்டில் வருகிற எல்லோருக்கும் இருக்கும். பிள்ளைகள் பத்து மணி நேரம் உட்கார்ந்து அலுத்திருப்பார்கள், வெளியே சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியாது, விடுகதை தீர்ந்திருக்கும், ஆச்சியும் ஊரில் இறங்கியிருப்பார். வண்டி ஓடாததால் குமட்டலும் அவ்வளவாக வராது. அங்கே போனைக் கொடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. திரை வெளிச்சத்தை மட்டும் பாதியாகக் குறைத்துவிடுவேன், சத்தம் ஹெட்போனில். வீட்டு வாசலில் படம் தானாக நின்றுவிடுவதால் பிடுங்குகிற சண்டையும் கிடையாது. இதைக் கிளம்பும்போதே சொல்லிவிடுகிறோம்: "போன் பரனூர்ல". பெரியவன் இப்போது போகும்போது கேட்பதேயில்லை.

மூன்று வயதுக்குக் கீழே என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த வயதுக்குப் பாட்டும், நிறுத்தமும், கூட உட்காரும் ஒரு பெரியவரும்தான். அழுகிறதே என்று பெல்ட்டைக் கழற்றி மடியில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், திடீர் பிரேக்கில் நம் கை தாங்காது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

மலை ஏறுகிற பயணம் என்றால் மேலே சொன்னதில் பாதியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஸ்லேட், புத்தகம், போன் எல்லாம் அடிவாரத்திலேயே டிக்கிக்குள் போக வேண்டும், வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கவும் கூடாது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை இருக்கும். அந்தப் பலகையைத் தேட பிள்ளை நிமிர்ந்து ரோட்டையே பார்த்தாக வேண்டும், குமட்டலுக்கும் அதுதான் மருந்து. போன மே மாதம் ஒற்றைப்படை வளைவு அண்ணனுக்கு, இரட்டைப்படை தங்கைக்கு என்று பிரித்துக் கொடுத்தோம். தொழுதூரில் வாந்தி எடுத்த அதே சின்னவள் நாற்பதாவது பலகையை முதலில் பார்த்து எண்ணி முடித்தாள், எடுத்து வைத்திருந்த எலுமிச்சம்பழமும் பாலித்தீன் பையும் அப்படியே திரும்பி வந்தன.